சிறுதேரும் ஓட்டப்பாதையும்: போலச் செய்தலின் அறம் குறித்து

தச்சன் செதுக்கிக் கொடுத்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாத சிறுவர், அதனைக் கையால் இழுத்துத் திரிந்தே இன்பம் எய்துவர் என்னும் செய்தி குறுந்தொகையின் 61ஆம் பாடலில் உவமையாக வருகின்றது. பட்டினப்பாலையிலோ, கோழியை ஓட்டுவதற்கு எறியப்பட்ட பொற்குழை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவரின் முக்காற் சிறுதேரை வழிமறிக்கின்றது. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தோரும் ஆண்பாற் பிள்ளையின் இறுதிப் பருவத்தைச் சிறுதேர்ப் பருவம் என்றே அமைத்தனர். ஊர்தியைச் சிறிதாக்கி விளையாடும் வேட்கை நமக்குப் புதியதன்று என்பதற்கு இவை போதும். ஆயின், சங்கச் சிறுவர் இழுத்த தேர் குறிப்பிட்ட எந்தத் தேரின் படியும் அன்று. அது தலையாலங்கானத்தில் ஓடிய தேரும் அன்று, வெண்ணிப் பறந்தலையில் முறிந்த தேரும் அன்று. வெறுமனே ஒரு தேர். அதனை இழுத்த சிறுவன் எவருடைய சாவையும் தன் கயிற்றின் நுனியில் இழுக்கவில்லை. இந்த வேறுபாடே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் வினாவுக்குத் தோற்றுவாய் ஆகின்றது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து உலகெங்கும் பரவிய விளையாட்டொன்று உண்டு. மினிமொடல்ஸ் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1957ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் அதன் புகழ்பெற்ற வடிவம். தளமாக அடுக்கப்படும் துண்டுகளின் நடுவே ஒரு தவாளிப்பு ஓடும். அதன் இருமருங்கும் மின்னோடும் உலோகப் பட்டிகள் இருக்கும். மூலக் காரின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவான சிறு கார், தன் மூக்கின் கீழுள்ள முளையை அத்தவாளிப்பில் இறக்கி, பட்டிகளிலிருந்து மின்னைப் பெற்று ஓடும். விளையாடுபவர் கையில் விசை ஒன்று இருக்கும். அழுத்தினால் விரைவு, தளர்த்தினால் மெதுவு. திசைதிருப்பும் சக்கரம் கிடையாது. வளைவில் விரைவு மிகுந்தால் முளை தவாளிப்பை விட்டு எழும். கார் தளத்தை விட்டுத் தெறிக்கும். அருகில் நிற்பவர் குனிந்தெடுத்து மீளவும் வைப்பார். ஸ்லொட் கார் எனப்படும் இவ்விளையாட்டின் முழு இயல்பும் இவ்வளவே.

சிறுவர் விளையாட்டாகத் தொடங்கிய இதனை முதிர்ந்தோர் பலர் ஒரு கலையாகவே வளர்த்தெடுத்துள்ளனர். அவர்களுட் சிலர் ஏதோவொரு வட்டத்தை அமைப்பதில் நிறைவு காண்பதில்லை. ஜோன் ஃபிராங்கன்ஹைமர் நெறிப்படுத்தி 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிராண்ட் பிறீ’ திரைப்படத்தில் காணும் ஓட்டப்பாதைகளை, அத்திரைப்படத்திற் கண்டவாறே, அறையின் தரையில் மீளப் படைக்க முனைகின்றனர். மொனாக்கோவின் துறைமுகத் தெரு, பெல்ஜியத்தின் ஸ்பா, ஒல்லாந்தின் சண்ட்வூர்ட், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச், இத்தாலியின் மொன்சா ஆகிய பாதைகள் மரத்தூளும் வண்ணக் காகிதமும் கொண்டு உருப்பெறுகின்றன. வேலியோரத்துப் பார்வையாளர் விரலளவில் நிற்கின்றனர். வைக்கோற் கட்டுகளும் விளம்பரப் பலகைகளும் அந்த ஆண்டில் இருந்தவாறே அமைகின்றன.

இதில் அறஞ்சார்ந்த வினா எங்கே எழுகின்றது என ஒருவர் கேட்கலாம். பொழுதுபோக்கை மெய்யியலின் முன் நிறுத்துவது அளவுக்கு மீறிய செயலாகவும் தோன்றலாம். ஆனால் மேற்கூறிய பாதைகள் மனிதர் மாண்ட இடங்கள். 1961ஆம் ஆண்டு மொன்சாவில் ஜேர்மனிய ஓட்டி வொல்ஃப்காங் ஃபொன் டிரிப்ஸ் இறந்தபோது, வேலியோரம் நின்ற பார்வையாளர் பத்துக்கு மேற்பட்டோரும் உடன் மாண்டனர். ஸ்பாவில் 1960ஆம் ஆண்டின் ஒரே பந்தயத்தில் கிறிஸ் பிறிஸ்டோ, அலன் ஸ்டேசி என்னும் இரு இளைஞர் உயிரிழந்தனர். அவ்விடங்களை நுணுகி நுணுகிச் சிறியனவாக்கி மகிழ்வது தகுமா? அதனினும் கடினமான வினா ஒன்றுண்டு: ஓரிடத்தை நேரே அறியாமல், ஒரு திரைப்படம் காட்டியவாறு மட்டும் அறிந்து படியெடுப்பவன் யாருக்குக் கடன்பட்டவன்? பாதைக்கா, படத்துக்கா, அன்றி அப்பாதையில் மாண்டவர்க்கா?

படியெடுப்பவனின் தொழிலை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். கண்டி வாவியைச் சுற்றிச் செல்லும் வீதி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. மொனாக்கோவின் பழைய பாதையும் அவ்வளவே: 3.145 கிலோமீற்றர். ஒருபுறம் நீர், மறுபுறம் மலைச்சரிவில் அடுக்கடுக்காய்க் கட்டடங்கள், இடையே ஒடுங்கிய தெரு என்ற அமைப்பிலும் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஒன்றில் சூதாட்ட மாளிகை நிற்கும் பெருமிதத்தோடு மற்றொன்றில் தலதா மாளிகை நிற்கின்றது என்பது வேறு. வாவி வீதியை முப்பத்திரண்டில் ஒன்றாகச் சுருக்கினால், சுற்றளவு ஏறத்தாழ நூறு மீற்றர் வரும். எந்த மாணவர் விடுதி அறையும் அதனைக் கொள்ளாது. அக்காலத்து ஸ்பாவின் நீளம் 14 கிலோமீற்றருக்கு மேல். சுருக்கினாலும் 440 மீற்றர். ஆகவே, அளவு மாறாத படி என்பது பெரும்பாலும் இயலாத ஒன்று. படியெடுப்பவன் வெட்டியே ஆகவேண்டும். வாவி வீதியைச் செய்பவன் மேகங்களைப் போன்ற வளைவுகளுடைய வலாகுளு மதிலை விடமாட்டான். நடுவிலுள்ள தீவை விடமாட்டான். நேராகச் செல்லும் நீண்ட பகுதிகளில் முக்காற் பங்கைத் தயங்காது வெட்டுவான். எதை வைப்பது, எதை விடுவது என்னும் தீர்ப்பு, அளவுகோல் தோற்கும் இடத்திலிருந்தே தொடங்குகின்றது. அதனாலேயே அது கலையாகின்றது. அதனாலேயே அறத்தின் விசாரணைக்கும் உட்படுகின்றது.

வேடிக்கையான ஓர் உண்மையையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். நீளத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க இயலாது. மணிக்கு 300 கிலோமீற்றர் விரையும் காரின் சிற்றுரு, அதே விகிதத்தில் ஓடவேண்டுமாயின் மணிக்கு ஒன்பது கிலோமீற்றரளவே செல்லவேண்டும். அது மெல்லோட்டம் ஓடும் ஒருவனின் வேகம். விளையாடுபவர் எவரும் அவ்வேகத்தோடு அமைவதில்லை. பல கார்களின் அடியிலே காந்தம் பொருத்தி, அவற்றைத் தளத்தோடு இறுக்கி, மூலத்தினும் விரைவாக ஓட்டுவர். சிற்றுரு எதனை உண்மையாகக் காட்டுகின்றதோ அதன் அருகிலேயே ஒரு பொய்யையும் வைத்திருக்கின்றது.

சுருக்குதல் பற்றிப் பேசும்போது பேராதனைக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டை விட்டுச் செல்ல இயலாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு மரபுக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது இதே இக்கட்டையே எதிர்கொண்டார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில், ஒன்றிரண்டு மணி நேரத்துள் அமையவேண்டியிருந்தது. 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலானவை அவ்வாறு உருவாயின. சுருக்கம் கூத்தைக் கெடுத்தது என்றோரும் உளர். சுருக்கமே கூத்தைக் காத்தது என்றோரும் உளர். அவ்வழக்கு இங்குத் தீரப்போவதில்லை. கவனிக்கவேண்டியது வேறொன்று. பேராதனை மேடையிற் சுருக்கப்பட்டது கூத்துப் பற்றி யாரோ எடுத்த படம் அன்று, கூத்தேதான். அண்ணாவிமாரின் வாயிலிருந்து பாட்டும், அவர்தம் காலிலிருந்து ஆட்டமும் பெறப்பட்டன. வெட்டியவர், தாம் வெட்டுவது எது என அறிந்து வெட்டினார். திரைப்படத்திலிருந்து பாதையைப் படியெடுப்பவனுக்கு இவ்வசதி இல்லை. அவனுக்கு முன்பே வேறொருவர் வெட்டி முடித்துவிட்டார்.

பிளேற்றோ ‘குடியரசு’ நூலில் கட்டிலின் எடுத்துக்காட்டால் கூறியது இதுவே. கட்டிலின் உண்மைக் கருத்து ஒன்று. தச்சன் செய்யும் கட்டில் அதன் படி. ஓவியன் தீட்டுவது படியின் படி. கிராண்ட் பிறீ படத்தின் வழியே செய்யப்படும் சிற்றுரு, ஓவியத்தைப் பார்த்துத் தச்சன் மீளவும் கட்டில் செய்வதை ஒத்தது. இத்தகைய தச்சனைப் பிளேற்றோ எண்ணிப்பார்க்கவில்லை. அவன் கட்டிலில், ஓவியன் மறைத்த காலொன்று இல்லாமற் போகலாம்.

மொன்சாவையே எடுத்துக்கொள்வோம். அத்திரைப்படத்தின் உச்சக் கட்டம், மொன்சாவின் சாய்தளம் எனப்படும் சுவர்போல் எழுந்து சரிந்த வளைவில் நிகழ்கின்றது. ஈவ் மொந்தான் நடித்த சார்த்தி என்னும் பாத்திரம் அங்கிருந்து தூக்கியெறியப்பட்டு இறக்கின்றது. காண்பவர் நெஞ்சிற் பதிவது அச்சாய்தளமே. சிற்றுரு செய்வோர் அரும்பாடுபட்டு அமைப்பதும் அதனையே. ஆனால் 1966ஆம் ஆண்டின் உண்மையான இத்தாலியப் பந்தயம் சாய்தளத்தில் நடைபெறவேயில்லை. வீதிப் பகுதியில் மட்டும் ஓடப்பட்ட அப்பந்தயத்தில் ஃபெராரி ஓட்டிய லூடொவிக்கோ ஸ்கார்ஃபியோட்டி வென்றார். சாய்தளமும் சேர்ந்த பத்துக் கிலோமீற்றர்ப் பாதை உலக வல்லவர் பந்தயத்துக்கு இறுதியாகப் பயன்பட்டது 1961இலேயே, டிரிப்ஸ் மாண்ட அந்நாளில். அவர் மாண்டதோ சாய்தளத்தில் அன்று. பரபோலிக்கா வளைவை அணுகும் நேர்ப்பகுதியில். ஆகவே, படத்தின்வழி மொன்சாவைச் செய்பவன் நடவாத பந்தயத்தின் பாதையைச் செய்கின்றான். நடவாத சாவுக்கு மலைபோல் நினைவிடம் எழுப்பி, நடந்த சாவின் இடத்தை வெறும் நேர்த்துண்டாகச் சுருக்கிவிடுகின்றான். அவன் தீயவனல்லன். கண்டதைச் செய்தான், அவ்வளவே. ஆனால் காட்டியவன் எதைக் காட்டினான் என அவன் கேட்கவில்லை.

இக்குறை வெளிநாட்டாரின் விளையாட்டறைக்கு மட்டும் உரியது என எண்ணுதல் தவறாகும். கண்டிச் சீமையும் திரைப்படங்களுக்கு வேறு நாடாக நடித்துப் பழகியது. 1984இல் வெளியான இந்தியானா ஜோன்ஸ் படத்தில் ஹந்தானைச் சரிவு இந்தியக் கிராமமாயிற்று. அதற்கு முன்னரே, டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காகக் கித்துள்கலவில் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் ஒன்று எழுப்பப்பட்டு, புகைவண்டியோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டது. இன்றும் அவ்விடத்தைக் காணச் செல்வோர் உளர். தாய்லாந்திலோ இதனினும் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. உண்மைப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் குவாய் அன்று. நாவலும் படமும் அப்பெயரைப் பரப்பியதால், வருவோர் குவாய் நதியைத் தேடினர். பின்னர் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. படி, மூலத்தைத் திருத்திவிட்டது.

பெயர் மாறியது சிறிது. மறைந்தது பெரிது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீற்றர் நீளப் பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களினும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளர் மாண்டனர்; அவர்களுட் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி முறையால் திரட்டப்பட்டு, ஒரு கப்பல் மலாயாவுக்கும் மற்றொன்று இலங்கை மலைநாட்டுக்கும் ஏற்றிச் சென்ற ஒரே மக்களின் இரு கிளைகள் அவர்கள். கித்துள்கலப் பாலம் தகர்ந்தபோது, அதற்கு மேலேயுள்ள மலைத்தொடரின் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோர் அந்த இறந்தோரின் உறவினர் என்று கூறினால் அது உவமையன்று. பலரளவில் நேர்ப்பொருளாகவும் இருத்தல் கூடும். படம் முழுவதும் பிரித்தானியக் கைதிகளின் மானத்தையும் பிடிவாதத்தையும் பற்றியது. அத்தொழிலாளருக்கு அதில் இடமில்லை. இப்படத்தைப் பார்த்து ஒருவன் தீக்குச்சிகளால் அப்பாலத்தின் அழகிய சிற்றுருவைச் செய்து நம் விடுதி மண்டபத்தில் வைத்தால், நாம் என்ன சொல்வோம்? அதன் கைத்திறனை மெச்சுவோம். பின்னர், யாரேனும் ஒருவர், அவர் பாட்டனார் காஜாங்கிலோ சிரம்பானிலோ பால்வெட்டியவராயின், மௌனமாக அவ்விடத்தை விட்டு அகல்வார். அந்த மௌனத்துக்குச் சிற்றுரு செய்தவன் பொறுப்பாளியா?

இல்லை என்பார் வாதத்தையும் கேட்கவேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. படத்தைப் படியெடுப்பவன் படத்தைத்தான் படியெடுக்கின்றான், வரலாற்றையன்று என்பர். இராமாயணச் சிற்பம் செய்பவனிடம் இலங்கையின் நிலவியலை யாரும் கேட்பதில்லை. திரைப்படமும் ஒரு பொருளே. அதற்குரிய உண்மை அதற்குண்டு. மேலும், படியென்று அறிந்தே மதிக்கப்படும் படிகளும் உள. எசல பெரஹராவில் யானை சுமந்து செல்வது புனித தந்தம் வைக்கப்பட்டுள்ள மூலப் பேழையன்று, அதன் படியே என்பது கண்டியில் அனைவரும் அறிந்தது. அதனால் வணங்குவோரின் கைகள் தாழ்வதில்லை. படி தன்னைப் படி என ஒளிவின்றிக் கூறும்போது அதில் வஞ்சனை இல்லை. இவ்வாதத்தை ஏற்கலாம், ஆயின் ஓர் எல்லை வரையிலேயே. பெரஹராப் பேழையின் பின்னே, மாளிகையுள் மூலம் இருக்கின்றது. படியை வணங்குபவன் அதனூடாக மூலத்தையே வணங்குகின்றான். இரண்டையும் இணைக்கும் நினைவு அறுபடவில்லை. கித்துள்கலவிலும் மொன்சாவிலும் அறுந்திருப்பது அந்நினைவேயாகும். படி என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. எதன் படி என்று கேட்போர்க்கு விடை கூறவும் இயலவேண்டும்.

இனி, சாவு நிகழ்ந்த இடத்தை விளையாட்டாக்கலாமா என்னும் முதல் வினாவுக்கு வருவோம். காண்பதற்கு அருவருப்பூட்டும் பொருள்களின் படிகளைக் கண்டு மனிதர் மகிழ்கின்றனர், ஏனெனில் அதன்வழி அறிகின்றனர், என்று அரிஸ்ரோட்டில் விடை வகுத்தார். நம்மவர் அச்சத்தையும் இழிவரலையும் மெய்ப்பாடுகளுள் வைத்தெண்ணினரேயன்றி விலக்கிவிடவில்லை. கர்ணன் போரில் கர்ணன் சாகின்றான். களரி சூழ்ந்தவர் விடியும்வரை அதனைக் காணவே விழித்திருந்தனர். எனவே, சாவை ஆடிக்காட்டுவது தானாகவே இழிவாகாது. விளையாடும் உள்ளத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் பெரும்பாலும் விளையாட அறியாதோர்.

உண்மையான குறை வேறோரிடத்தில், அத்தவாளிப்பிலேயே, இருக்கின்றது. ஸ்லொட் கார் விளையாடுபவனுக்குத் திசை தேரும் உரிமை இல்லை. பாதை முன்னரே கீறப்பட்டுவிட்டது. அதனை ஊழ் எனக் கொண்டால், அவன் கைவிசை முயற்சி. ஊழையும் ஆள்வினையையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்த வள்ளுவர் இவ்விளையாட்டைக் கண்டிருப்பின் புன்முறுவல் பூத்திருப்பார். அவனுக்குள்ள ஒரே உரிமை விரைவு. ஆதலால் அவன் செய்யக்கூடிய ஒரே பிழையும் விரைவே. கார் தெறித்ததா? மிகையாக அழுத்தினாய். இவ்வுலகில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் காரணம் வீழ்ந்தவனே. குற்றமற்றவர் வீழ்வதென்பது அங்கு நிகழவே முடியாதது. இத்துணைத் தெளிவான நீதி வேறெங்கும் கிடைப்பதில்லை. அதனாலேயே விளையாட்டு நம்மை இத்துணைக் கவர்கின்றது போலும்.

உண்மைப் பாதைகளோ அவ்வாறில்லை. தம் காலத்து ஓட்டிகளுட் தலைசிறந்தவர் எனப்பட்ட ஜிம் கிளார்க் 1968 ஏப்ரல் 7ஆம் நாள் ஹொக்கன்ஹைமில் மரங்களில் மோதி மாண்டார். அவர் பிழை செய்தார் என்று பெரும்பாலோர் கருதுவதில்லை. சக்கரமொன்றின் காற்று இறங்கியமையே காரணம் என்பர். 1961இன் மொன்சாவில் வேலியோரம் நின்றோர் எந்த விசையையும் அழுத்தவில்லை. நம் மலைநாட்டிலேயே, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21ஆம் நாள் கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்தினுட் பாய்ந்தபோது எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மலைநாட்டுக்கு மக்கள் திரளும் பருவம் அது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கிய நாள்முதல், சித்திரையும் மோட்டார்ப் பந்தயமும் மலைநாட்டில் ஒன்றோடொன்று பின்னிப்போயின. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காரைக் காட்டும் தந்தை இந்நாட்டில் அரிதானவர் அல்லர். சிற்றுருவின் வேலியோரம் ஒட்டப்படும் விரலளவு மனிதருக்குள் அச்சிறுமியும் நிற்கின்றாள். ஆனால் அங்கு அவளுக்கு எதுவும் நேராது. தெறிக்கும் கார் ஒட்டுப்பொம்மையைச் சாய்த்தால், பசை பூசி மறுபடி நிறுத்துவர்.

ஆகவே, சிற்றுரு பொய்யாவது சாவை விளையாட்டாக்குவதால் அன்று. சாவை எப்போதும் தகுதியின் பயனாகக் காட்டுவதால். வீழ்ந்தவன் தன் பிழையால் வீழ்ந்தான் என்னும் எண்ணம் விளையாட்டறைக்குள் அடங்கியிருப்பின் கவலையில்லை. ஆனால் அது அங்கே தங்குவதில்லை. விபத்துச் செய்தி கேட்டவுடன் நாம் முதலிற் கேட்பது, யார் பிழை என்பதேயாகும். அச்சிறுமியை அங்கே யார் நிறுத்தினார்கள் என்றும் கேட்போம். பாதையை அவ்வாறு அமைத்தோரையும், வேலியை அவ்விடத்தில் இட்டோரையும் குறித்த வினா பின்னரே வரும். சில வேளை வருவதேயில்லை. தவாளிப்பைக் கீறியவன் யார் என்று விளையாடுபவன் கேட்பதுண்டா?

அவ்வினாவை உரக்கக் கேட்ட ஓட்டி ஒருவர் உண்டு. கிராண்ட் பிறீ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த அதே 1966ஆம் ஆண்டில், ஸ்பாவின் முதற் சுற்றிலேயே பெருமழை கொட்டியது. பல கார்கள் சறுக்கின. ஜக்கி ஸ்டூவர்ட்டின் கார் பாதையோரத்துக் கட்டடத்தில் மோதி நின்றது. கசிந்த எரிபொருளில் தோய்ந்தவராய் அவர் இருபது நிமிடங்களுக்கு மேல் அதனுள் சிக்கிக் கிடந்தார். காப்பாற்ற முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. சக ஓட்டிகள் இருவர், பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கருவி கொண்டு அவரை விடுவித்தனர். அந்நாள் முதல் அவர், ஓட்டிகளின் விரைவைக் குறித்தன்றி, பாதைகளின் அமைப்பைக் குறித்தே பேசினார். மரங்கள் அகலவேண்டும், கம்பங்கள் அகலவேண்டும், மருத்துவர் வேண்டும், தடுப்பு வேண்டும் என்றார். கோழை என்றும், பந்தயத்தின் அழகைக் கெடுக்க வந்தவர் என்றும் அவரைப் பழித்தோர் பலர். பழைய ஸ்பா 1970க்குப் பின் அப்பந்தயத்துக்குப் பயன்படவில்லை. இன்றுள்ளது அதன் பாதியளவான ஏழு கிலோமீற்றர்ப் பாதை.

சிற்றுரு செய்வோரின் ஏக்கமோ பழைய பாதைகளை நோக்கியது. மரமும் கம்பமும் வீட்டு வாசலும் பாதையோரம் நின்ற ஸ்பாவே அவர்களுக்கு அழகு. அது உண்மையில் அழகானதுமாம். பிறர் ஏற்ற இடரின் அழகை, இடரின்றி நுகர்வதில் ஒரு கூச்சம் இருத்தல் வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். கண்டி வாவியைப் பற்றியும், 1807ஆம் ஆண்டளவில் அதனை அமைப்பதை எதிர்த்தோர் சிலர் அதன் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது கேட்டவர் மாலை வேளையில் வாவியோரம் நடப்பதை நிறுத்திவிடவில்லை. நிறுத்தவேண்டியதும் இல்லை. ஆனால் கேட்டபின் நடப்பது கேளாமல் நடப்பதை ஒக்காது.

மொனாக்கோவின் துறைமுக வளைவைச் செய்பவன் ஒரு சிறு முடிவை எடுத்தாக வேண்டும். படத்தில் அமெரிக்க ஓட்டியின் கார் துறைமுக நீரினுட் பாய்கின்றது. அவர் நீந்திப் பிழைக்கின்றார். 1955இல் அல்பெர்ட்டோ அஸ்காரிக்கு அவ்வாறே நேர்ந்தது, அவரும் பிழைத்தார், ஆனால் நான்கே நாளில் மொன்சாவில் மாண்டார் என்பது படத்தில் இல்லை. அதே வளைவில், படம் வெளிவந்த மறு ஆண்டில், 1967 மே 7ஆம் நாள், லொரென்சோ பண்டினியின் ஃபெராரி தடுப்பில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. காப்புக்காக அடுக்கியிருந்த வைக்கோற் கட்டுகளே அத்தீயைப் பெருக்கின. மூன்றாம் நாள் அவர் இறந்தார். படத்தில் தோன்றிய உண்மை ஓட்டிகளுள் அவரும் ஒருவர். 1966ஆம் ஆண்டுக்கு உண்மையாக இருக்க விரும்புபவன் அவ்வைக்கோற் கட்டுகளை வளைவின் ஓரத்தில் அடுக்கியே ஆகவேண்டும். மஞ்சள் நூலைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பசையில் ஒட்டினால் போதும். ஒன்று விரல்நுனி அளவே இருக்கும்.